லகானை இழுத்தால் குதிரை நிற்காது

"டாக்டரம்மா, குதிரைக்குக் கிறுக்கு புடிச்சிருச்சு. சட்டுன்னு நிக்கிற மாதிரி ஊசி ஏதாச்சும் இருக்கா?"

முகூர்த்த மாதங்களில் சித்தூரில் எனக்கு இப்படி ஒரு போன் வந்துவிடும். கால்நடைத் துறை எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டது, ஊர் கொடுக்கவில்லை. விஷயம் பெரும்பாலும் மாப்பிள்ளை ஊர்வலம்தான். முன்னால் பேண்டு செட், இரண்டு பக்கமும் விளக்கு சுமந்து வருகிறவர்கள், பின்னால் கடகடவென்று ஜெனரேட்டர். பைக்கைத் தவிர வேறெதிலும் ஏறியறியாத மாப்பிள்ளை ஷெர்வானியும் தலைப்பாகையுமாக மேலே உட்கார்ந்திருப்பார். நண்பர்கள் ஆயிரம் வாலாவைக் குதிரையின் பின்னங்காலுக்குப் பக்கத்தில் கொளுத்துவார்கள். அடுத்த நிமிடம் குதிரை கட்டமஞ்சிப் பக்கம் பறக்கும், பிடித்து வந்த பையன் கையில் அறுந்த வார் மட்டும் மிஞ்சும். மாப்பிள்ளை எங்கே விழுந்தார் என்பதைப் பொறுத்து, கல்யாணம் மறுநாள் காலையிலோ அடுத்த முகூர்த்தத்திலோ நடக்கும்.

ஊசி இருக்கிறது. சைலசின் என்று ஒரு மருந்து, குதிரையை நின்ற இடத்திலேயே தூங்கி வழிய வைக்கும். ஆனால் அமைதியாக இருக்கும் குதிரைக்குப் போட்டால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். ஏற்கெனவே மிரண்டு கொதித்துப்போயிருக்கும் குதிரைக்குப் போட்டால் பாதி பிடிக்கும், பாதி பிடிக்காது. முன்கூட்டியே போட்டு ஊர்வலத்துக்கு அனுப்பினால் கால் தடுக்கி மாப்பிள்ளையோடு சாயும். அதனால் நான் போட மாட்டேன். கேட்பவர்களுக்கு என் மேல் வருத்தம்தான்.

கிறுக்கு என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாடு மிரண்டால் திரும்பி நின்று தலையைத் தாழ்த்தும், அதற்குக் கொம்பு இருக்கிறது. குதிரைக்குக் கொம்பும் கிடையாது, கிழிக்கிற நகமும் கிடையாது. அதற்கு ஆண்டவன் கொடுத்த ஒரே ஆயுதம் ஓட்டம். முதலில் ஓடும், என்ன சத்தம் என்பதை நூறு கெஜம் தள்ளிப்போய் யோசிக்கும். வெட்டவெளியில் புல் மேய்ந்த காலத்தில், முதலில் யோசித்த குதிரைகள் புலிக்கும் ஓநாய்க்கும் சாப்பாடாகிவிட்டன. இன்று இருப்பவை முதலில் ஓடியவற்றின் பிள்ளைகள்.

கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் மிகப் பெரிய கண்களைக் கொண்டவற்றில் குதிரையும் ஒன்று. அவை முகத்தின் பக்கவாட்டில் இருப்பதால் தலையைத் திருப்பாமலே சுமார் 350 டிகிரி தெரியும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சமும் மட்டும்தான் தெரியாது. நம் ஆட்கள் வெடி வைப்பது சரியாக அந்தப் பின்பக்கத்தில். இன்னொன்று, வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக அதன் கண்ணுக்கு நம்மைவிட அதிக நேரம் வேண்டும். ஊர்வல விளக்கின் நடுவே நடத்திக்கொண்டு போனால், அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் அதற்குக் கன்னங்கரிய குழி. காதுகளோ தனித்தனியாகத் திரும்பக்கூடியவை. நமக்குக் கேட்காத உச்ச ஒலிகளும் அதற்குக் கேட்கும். பேண்டு செட்டின் கிளாரினெட் பிசிறடிப்பதை நாம் சகித்துக்கொள்கிறோம், அது என்ன செய்யும்?

ஓட ஆரம்பித்த பின் உடம்புக்குள் நடப்பது வேறு கதை. சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 30, 40 தடவை துடிக்கிற இதயம் 200-ஐத் தாண்டிவிடும். மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்திருந்த சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டும். நாலுகால் பாய்ச்சலில் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று காலும் நுரையீரலும் சேர்ந்துகொள்ளும். நம்மூர்க் கல்யாணக் குதிரை மட்டக்குதிரைதான், ஆனாலும் இருநூறு, முந்நூறு கிலோ தேறும். அதன் மேல் எழுபது கிலோ மாப்பிள்ளை லகானை இழுத்துப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறார். கயிறு இழுக்கும் போட்டியில் யார் ஜெயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

தோற்பது மட்டுமல்ல, இழுக்க இழுக்கக் குதிரை இன்னும் வேகமாக ஓடும். இதுதான் யாருக்கும் நம்ப முடியாத விஷயம். அதனால்தான் மிரண்ட குதிரையைக் கொண்டுவந்தால் நான் காலைப் பார்ப்பதில்லை, வாயைத் திறந்து பார்க்கிறேன். குதிரையின் முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் உட்காரும். அந்த இடத்தில் மேலே மெல்லிய சதை, கீழே உடனே தாடை எலும்பு. இரண்டு கையாலும் இழுத்தால் இரும்பு எலும்பின் மேல் அமுங்கும். வலிக்கும். வலித்தால் குதிரை என்ன செய்யும்? ஓடும். வலியோ வாய்க்குள் இருக்கிறது, எவ்வளவு ஓடினாலும் கூடவே வரும்.

போதாததற்குப் பல். குதிரையின் பல் வாழ்நாளெல்லாம் ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும், மென்று தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மேல்தாடை அகலம், கீழ்தாடை குறுகல். அதனால் மேல் பல்லின் வெளி ஓரமும் கீழ்ப் பல்லின் உள் ஓரமும் தேயாமல் கத்திபோல் நின்றுவிடும். கன்னத்தின் உட்புறமும் நாக்கும் கிழிபடும். வருடத்துக்கு ஒரு தடவை அரம் போட்டு ராவிவிட்டால் தீர்ந்தது. பந்தயக் குதிரைக்குச் செய்வார்கள். எங்கள் பக்கத்தில் அரத்தை எடுத்தாலே, "பல்லைத் தேச்சா கொள்ளு எப்படித் திங்கும்?" என்று கேட்பார்கள். புண்ணான வாயோடு அது இப்போது எப்படித் தின்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

குதிரை வாயைப் பார்க்கும் பழக்கம் எனக்குத் திருப்பதி கால்நடை மருத்துவக் கல்லூரியில் வந்ததல்ல. 1955-ல் தொடங்கிய கல்லூரி அது. அங்கே மாட்டைப் பற்றி நிறையவும் குதிரையைப் பற்றிப் பரீட்சைக்கு வேண்டிய அளவும் படித்தோம். மீதியைச் சொல்லிக்கொடுத்தவர் என் தாத்தா. இளமையில் திருப்பதி ரயிலடியிலும் பிறகு சித்தூரிலும் ஜட்கா ஓட்டியவர். 1944-ல் மலைக்குச் சாலை திறக்கும்வரை, ரயிலில் இறங்கிய பக்தர்கள் அலிபிரி வரைக்கும் ஜட்காவில் வந்து, அதற்கு மேல் நடந்தோ டோலியிலோ ஏறுவார்கள். எல்லோர் வாயிலும் கோவிந்தா, எல்லோர் கையிலும் மூட்டை.

ஜட்காவில் ஏறியவர்களுக்கு ஒரு வசனம் மறக்காது: "சாமி, கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க." வைக்கோல் மேல் சாக்கு விரித்த அந்தக் கூண்டுக்குள் தலை இடிக்க முன்னே நகர்வதை நாம் வண்டிக்காரரின் தொல்லை என்று நினைத்திருப்போம். உண்மையில் இரண்டு சக்கர வண்டி ஒரு தராசு. பின்பாரம் கூடினால் முன்கட்டைகள் மேலே எழும்பி, வயிற்றுவார் குதிரையை அடிவயிற்றில் தூக்கும். முன்பாரம் கூடினால் முதுகில் புண். எங்கோ ஒரு மேட்டில் வயிற்றுவார் சுருக்கென்று இறுகினால் போதும், குதிரை கிளம்பிவிடும்.

ஜட்காக் குதிரைக்குக் கண்ணின் பக்கத்தில் தோல்பட்டை கட்டுவது வேடிக்கை பார்க்காமல் இருக்க என்று சொல்வார்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பின்னால் வரும் வண்டியை அது பார்க்கக் கூடாது. ஆள் உயரச் சக்கரம் இரண்டு, தான் எவ்வளவு வேகமாகப் போனாலும் அதே வேகத்தில் துரத்திக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் பயம் வராது? பட்டை கழன்று விழுந்த நாளில் நல்ல குதிரையும் கெட்டுவிடும் என்பார் தாத்தா. அதைவிட மோசம், ஏதாவது ஒரு வார் அறுந்து பின்னங்காலில் அடிப்பது. மனிதன் ஏறும் குதிரையானால், சேணம் சரிந்து வயிற்றுக்கடியில் போய்விடுவது. பயப்படும் பொருள் தன் உடம்போடு கட்டியிருக்கிறது என்று குதிரைக்குத் தெரியாது. களைத்து விழும்வரை ஓடும். தாத்தா வண்டி பூட்டியதும் ஒவ்வொரு வாராகக் கையால் தடவிப் பார்த்த பிறகே ஏறுவார். அவரைப் புனிதராக்க எனக்கு எண்ணமில்லை, சாட்டையும் வைத்திருந்தார், அடிக்கவும் செய்தார். ஆனால் லகானில் கை வைக்கும்போது மட்டும் பூத்தொடுப்பவர் மாதிரி.

எங்கள் பக்கம் குதிரைக்குப் புதிதல்ல. திருப்பதியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் சந்திரகிரிக் கோட்டை. அங்கிருந்து கிளம்பி 1485-ல் விஜயநகர அரியணையையே பிடித்தவர் சாளுவ நரசிம்மர். அவரைப் பற்றி நூனிஸ் என்ற போர்ச்சுகீசியக் குதிரை வியாபாரி பதினாறாம் நூற்றாண்டில் எழுதி வைத்த ஒரு செய்தியை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது. ஹார்முஸிலிருந்து கப்பலில் வரும் குதிரைகளை அவர் உயிரோடும் வாங்குவாராம், செத்தும் வாங்குவாராம். கடலில் செத்துப்போனதற்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், முழு விலை. குதிரைப்படைக்கு அவ்வளவு பசி. அதற்கும் இருநூறு வருடத்துக்கு முன்னால் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் குதிரை வாங்குகிறார், வருடக் கடைசியில் நூறு கூடத் தேறுவதில்லை, பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, அரிசியும் மாமிசமும் வேகவைத்துப் போடுகிறார்கள் என்று எழுதினார். லாடம் அடிப்பவர்கள் இந்தப் பக்கம் வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம், குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும்! வெளிநாட்டுக்காரர் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் வேகவைத்த சோறு தின்று வயிறு உப்பிக் கிடந்த குதிரையை நானே பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் மார்க்கோ போலோவை நம்புகிறேன்.

காசு கொட்டி வாங்கினோம், கல்லில் அற்புதமாக வடித்தோம். வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்கும் ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்துக்கும் போனால் தெரியும், முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரை மேல் சற்றும் கலங்காமல் வீரன். அடக்குவது வீரம் என்ற எண்ணம் அங்கிருந்து நம் கதைப்பாட்டுக்கும் வந்துவிட்டது. தேசிங்குராஜன் கதையில், டில்லி பாதுஷாவிடம் இருந்த, யாராலும் ஏற முடியாத பாராசாரிக் குதிரையைச் செஞ்சியிலிருந்து போன இளைஞன் தேசிங்கு அடக்குகிறான். ஆர்க்காட்டு நவாபோடு சண்டையிட்டு 1714-ல் மாண்ட நிஜ மனிதனைப் பாட்டு இப்படி வளர்த்துவிட்டது. சின்ன வயதில் கேட்டபோது மயிர்க்கூச்செறிந்தது. தொழிலுக்கு வந்த பிறகு எனக்கு உபயோகப்பட்டது புளூட்டார்க் சொல்லும் அலெக்சாண்டர் கதை. யாரையும் ஏறவிடாத பியூசிபேலஸ் குதிரை தன் நிழலைப் பார்த்துதான் மிரளுகிறது என்று அந்தச் சிறுவன் கவனித்தான். முகத்தைச் சூரியன் பக்கம் திருப்பினான், நிழல் பின்னால் போனது, தடவிக்கொடுத்து ஏறினான். அடக்கவில்லை, கண்டுபிடித்தான். ஒவ்வொரு மிரட்சிக்கும் ஒரு நிழல் இருக்கும்: வாய்ப்புண், முதுகில் சேணம் உரசிய காயம், படபடக்கும் பிளாஸ்டிக் பேனர், வாரக்கணக்கில் கொட்டிலில் கட்டிப்போட்டுக் கொள்ளு மட்டும் குறையாமல் போட்டது, முன்னால் ஓடும் இன்னொரு குதிரை.

ஏறிவிட்டோம், ஓட ஆரம்பித்துவிட்டது, இப்போது என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: குதிக்காதீர்கள். தார் ரோட்டில் குதித்தால் எலும்பு மிஞ்சாது. முன்னால் குனிந்து கழுத்தைக் கட்டிப்பிடிக்காதீர்கள், குனிவதும் காலால் விலாவை இறுக்குவதும் குதிரைக்கு 'இன்னும் வேகம்' என்ற உத்தரவு. கத்தவும் வேண்டாம். பின்னால் சாய்ந்து, குதிகாலைக் கீழே அழுத்தி, கனமாக உட்காருங்கள். லகானை ஒரே இழுப்பாகப் பிடித்திருக்காமல் இழுத்து விடுங்கள், இழுத்து விடுங்கள். பிடித்தபடியே இருந்தால் குதிரை அதன் மேல் சாய்ந்துகொண்டு ஓடும். வெட்டவெளி என்றால் ஒரு பக்க லகானை மெதுவாகக் கூட்டிப் பெரிய வட்டமாகத் திருப்பி, வட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே வரலாம். தெருவில் இதைச் செய்யக் கூடாது. இரும்பு லாடம் தாரில் வழுக்கும், சட்டென்று திருப்பினால் குதிரை மேலேயே விழும்.

அடுத்தது அங்கவடி. கால் வைக்கும் அந்த வளையத்தில் பாதத்தின் முன்பகுதி மட்டும்தான் இருக்க வேண்டும். மாப்பிள்ளைகள் போடும் கூர்மூக்குச் செருப்புக்குக் குதிகாலே கிடையாது, பாதம் முழுக்க உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு போகும். விழுவதைவிட இழுபடுவதில்தான் உயிர் போகிறது. சென்னையில் குதிரை மேல் சிலையாக உட்கார்ந்திருக்கும் பழைய மதராஸ் கவர்னர் தாமஸ் மன்றோவுக்கு இந்தக் கவலை இல்லை, அவர் சிலையில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. திருமலைக்கு அவர் கொடுத்தது என்று ஒரு பெரிய பாத்திரத்தைக் காட்டி 'மன்றோ கங்காளம்' என்பார்கள், அதனால் எங்கள் பக்கம் அவருக்கு நல்ல பெயர். 1839-ல் அந்தச் சிலையை வைத்தபோது சிற்பி சாண்ட்ரி மறந்துவிட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அதே சாண்ட்ரி செய்த நான்காம் ஜார்ஜும் அங்கவடி இல்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறார். மறதியாவது, ஒன்றாவது!

தெருவில் நிற்பவர்கள் செய்வது இன்னும் விபரீதம். கையை விரித்துக்கொண்டு எதிரே பாய்வார்கள், நாலு பைக் பின்னால் துரத்தும். துரத்தினால் துரத்தலுக்குத் தகுந்த ஓட்டம். வண்டிகளை நிறுத்தி வழியை விட்டுவிட்டால், பெரும்பாலான குதிரைகள் கொஞ்ச தூரத்தில் தானே வேகம் குறையும். இல்லையென்றால் தன் கொட்டிலுக்குப் போய் நிற்கும்.

"அப்போ சாமி ஊர்வலத்துல போற குதிரை மட்டும் எப்படிம்மா மிரளாம போகுது?" என்று கேட்டார் குதிரைக்கார பாய் ஒருவர். நல்ல கேள்வி. திருமலை பிரம்மோற்சவத்தில் வாகனத்துக்கு முன்னால் யானை, குதிரை, காளை எல்லாம் அலங்காரத்தோடு போகும். மேளம், கோவிந்தா கோஷம், லட்சம் ஜனம். எட்டாம் நாள் இரவு சாமியே அசுவ வாகனத்தில் வருவார், அது மிரளாத குதிரை, அதை விடுங்கள். நிஜக் குதிரை மிரளாமல் நடப்பதற்குக் காரணம் பழக்கம் மட்டுமே. போலீஸ் குதிரையையும் இப்படித்தான் பழக்குவார்கள். தூரத்தில் சின்னச் சத்தம், கையில் தீனி, பக்கத்தில் பழகிய வயதான குதிரை ஒன்று. காது நிமிராத அளவுக்கு அது சாதாரணமான பிறகு அடுத்த படி. அவசரப்பட்டு ஒரு நாள் வெடியை வைத்துவிட்டால் பழக்கியதெல்லாம் போச்சு.

பாய் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள நாளானது. அவர் குதிரையின் வாயில் போட்டிருந்தது முள் வைத்த கடிவாளம். 1965-ம் வருடத்து மத்திய அரசு விதிகளிலேயே வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் பிராணிகளுக்கு முள் கடிவாளம் கூடாது என்று இருக்கிறது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது என்றும் இருக்கிறது. எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் அந்த விதியை யாராவது நினைத்துப் பார்த்ததாக நான் கண்டதில்லை. "முள்ளை எடுத்துட்டா எனக்குக் கட்டுப்படாதும்மா" என்றார். முள் இருந்தபோதுதானே கட்டமஞ்சிக்கு ஓடியது என்றேன். பதில் சொல்லாமல் குதிரையின் நெற்றியைச் சொறிந்துகொண்டிருந்தார். பல்லை ராவ ஒப்புக்கொண்டார். புண் ஆறும்வரை வாய்க்கம்பியே இல்லாமல் கயிற்றில் நடத்தச் சொன்னேன். பிறகு சாதாரண மழமழக் கம்பி.

இப்போது அவர் புக்கிங்குக்கு வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறார்: வெடி குதிரைக்கு முப்பது அடி தள்ளி, ஜெனரேட்டர் அதற்கும் பின்னால், மாப்பிள்ளைக்கு ஷூ, இல்லையென்றால் குதிரை வராது. போன தை மாதம் ஒரு கல்யாண வீட்டார் இதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு, இவ்வளவு கண்டிஷன் போடுகிறவரிடம் வேண்டாம் என்று அட்வான்ஸைத் திருப்பி வாங்கிப்போய், வேறொருவரிடம் சாரட் வண்டி பேசினார்கள். அந்த மனிதரிடம் சாரட் மட்டும்தான் உண்டு. இழுக்க இரண்டு குதிரை வேண்டுமென்று அன்று சாயங்காலமே அவர் பாய்க்குத்தான் போன் செய்தார்.